பேட்டரிக்கு ஒரு மழைக்கோட்டு

போன வருஷம் ஜூலை மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், செம்பூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நடந்தது இது. ஆனால் கார் வாங்கிய நாளிலிருந்து சொன்னால்தான் புரியும்.

தாராவியில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை. ரெக்சினில் பள்ளிக்கூடப் பை, பயணப் பை தைக்கிறோம். ஏழாம் வகுப்பு பாதியில் படிப்பை விட்டுவிட்டு மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். பட்டறையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சயான் ஸ்டேஷன் வரை போன பிறகும் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

செம்பூர், கோபர்கைரனே கடைகளுக்குப் பை கொண்டுபோக டெம்போ தேடி அலுத்துப்போய்த்தான் மின்சாரக் கார் வாங்கினேன். ஷோரூமில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே ஆளைப் புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடும் சர்வீஸ் பிளான், கூடுதல் வாரன்டி, வழியில் நின்றுபோனால் தூக்கிவர ஒரு பிளான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இந்தக் காரில் ஆயில் கிடையாது, மாற்ற வேண்டிய சாமானும் குறைவு, பிறகு சர்வீஸ் பிளான் எதற்கு என்று கூட வந்த என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

"மௌத்தாகிப் போய்ச் சேந்துட்டா அதுக்கும் ஒரு பிளான் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவள் இங்கேயே பிறந்து பன்னிரண்டாவது வரை படித்தவள். வாரன்டிப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். பேட்டரிக்கு எட்டு வருஷம். ஆனால் வெளியாள் யாராவது பேட்டரியைத் திறந்தாலோ, அதில் எதையாவது சேர்த்தாலோ வாரன்டி செல்லாது. அந்த இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னேன். படித்தாள். மூன்றாம் தடவை கேட்டபோது புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

காரின் திரையில் அவ்வப்போது, புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடவா, பிறகு போடவா என்று கேட்கும். நான் 'பிறகு' என்பதைத் தொடுவேன். முன்பு ஒரு தடவை அப்டேட் போட்டதில் என் போன் பாதியிலேயே செத்துப்போய், கடைக்காரர்கள் நம்பரெல்லாம் போய்விட்டது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் இருந்தேன். அப்டேட் போட்டதிலிருந்து வண்டி ஓடும் தூரம் குறைந்துவிட்டது என்று அதில் ஒருவர் சொல்வார். அப்டேட் போடாவிட்டால் வாரன்டியே தரமாட்டார்கள் என்று இன்னொருவர் சொல்வார். நான் இரண்டு பேரையும் நம்பினேன்.

முதல் மழைக்காலத்தில் காரை வெளியே எடுக்கவே இல்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் நிற்பது தெரிந்ததுதானே. பாதி மூழ்கி நிற்கும் ஒரு காரின் வீடியோவை யாரோ அனுப்பியிருந்தார்கள். கார் வீட்டுக்குக் கீழே நிற்க, நான் பைகளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன்.

அடுத்த மே மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பேட்டரி காரின் அடியில், தரையைப் பார்த்தபடி இருக்கிறது. பயணப் பைக்குப் போடும் கனமான ரெக்சினை அளந்து வெட்டி, உள்பக்கம் தார்ப்பாய் கொடுத்து, ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டு அதற்கு ஓர் உறை தைத்தேன். தெரிந்தவருடைய வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் வண்டியை மேலே ஏற்றி, நானே அடியில் புகுந்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கினேன். உறை கச்சிதமாக உட்கார்ந்தது. வாரன்டிப் புத்தகம் ஞாபகம் இல்லாமல் இல்லை. நான் எதையும் திறக்கவில்லை, மூடத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் பிளான்படி ஒரு வருஷ சர்வீஸ் வந்தது. செம்பூரில் என் வண்டியைப் பார்த்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பேட்டரி வேலைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர். தினமும் கல்யாணிலிருந்து ரயிலில் வருகிறவர். நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினார். வண்டியை லிஃப்டில் தூக்கியதும் கையைக் காட்டி என்னை அடியில் கூப்பிட்டார்.

"பாய், இதென்ன, சட்டை தைச்சுப் போட்டு விட்டிருக்கீங்க?"

"மழைக்கும்மா. தண்ணி ஏறிரக் கூடாதுல்லா."

"பேட்டரிக்குள்ள தண்ணி போகாது பாய், கம்பெனியிலயே சீல் பண்ணித்தான் வருது. இந்தச் சட்டைக்குள்ள தண்ணி போச்சுன்னா வெளிய வர வழியில்ல. கழட்டணும்."

"கழட்டிருதேன்மா. சர்வீஸ் கார்டுல மட்டும் எழுதிராத. வாரன்டி போயிரும்."

இங்கேயே கழற்றினால் எழுதித்தான் ஆகவேண்டும் என்றார். நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சுவது கைவந்த வேலை. அவர் கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை கழட்டிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க," என்று தன் நம்பரைக் கொடுத்தார். கார்டில் 'அடிப்பாகம் சரி' என்ற இடத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். நான் ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட அப்டேட்டையும் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டு நின்றது. மழையே இன்னும் வரவில்லை, அதற்குள் கழற்றுவதா என்று தோன்றியது. இந்த ஒரு சீசன் போகட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது, கழட்டிட்டீங்களா என்று. கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒருநாள் சயானில் முழங்கால் அளவுத் தண்ணீரில் வண்டியை ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. என் உறைதான் காப்பாற்றியது என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்து, கோபர்கைரனேக்குச் சரக்கோடு போகும்போது திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. கூடவே ஓர் ஆமைப் படம். வண்டி ஆமையாகவே ஊர்ந்து ஓரத்தில் நின்றது. பிளான் இருந்ததால் தூக்கிப்போகும் வண்டி வந்தது. அதன் முன்சீட்டில் உட்கார்ந்து செம்பூர் போய்ச் சேர்வதற்குள் என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டரில் இறங்கியதும் சத்தம் போட்டேன். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. அன்று நன்றாகவே வந்தது. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய வண்டி, நீங்கள் அப்டேட் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அங்கே பொறுப்பில் இருந்த அட்வைசர் மராட்டிக்காரர், அமைதியான மனிதர். "டென்ஷன் மத் லோ, பாய்," பதற்றப்படாதீர்கள் என்று சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கச் சொன்னார். அந்தப் பெண் கரன்ட் தாக்காத பெரிய ஆரஞ்சு ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்தார்.

வண்டி மேலே போனதும் ரெக்சின் நடுவில் தொப்பை போட்டுத் தொங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெண் ஓரத்தில் ஒரு பட்டியை வெட்டினார். கறுப்புத் தண்ணீர் தரையில் கொட்டியது. ஒரு வாளிக்கு மேல் இருக்கும். சாக்கடை வாடை அடித்தது. எட்டு நாளாகப் பேட்டரியின் வயர் சேரும் இடம் அதில் ஊறிக்கிடந்திருக்கிறது. பித்தளை பச்சையாகப் பூத்திருந்தது. கரன்ட் கசிவதைப் பழைய சாப்ட்வேர் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்காது, புது அப்டேட் இருந்ததால்தான் வண்டி முன்கூட்டியே நின்றது என்று பிறகு சொன்னார்கள்.

அட்வைசர் மே மாதக் கார்டை எடுத்துவரச் செய்து பார்த்தார். என் பக்கம் திரும்பி, "யே கிஸ்னே லகாயா?" என்றார். இதை யார் மாட்டியது என்பதுதான் கேள்வி.

"முஜே நஹி மாலூம்," என்றேன். எனக்குத் தெரியாது.

அவர் கார்டில் இருந்த டிக்கைக் காட்டினார். மே மாதம் இங்கே அடிப்பாகம் சரி என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் இது அதற்குப் பிறகு வெளியில் மாட்டியதா என்று கேட்டார். வெளியில் எங்கேயும் கொடுக்கவில்லை என்றேன். பின்னே இங்கேதான் யாரோ மாட்டினார்களா என்றார். நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம்.

"சர்வீஸ் நடக்கும்போது நான் பக்கத்தில் இல்லை," என்றேன்.

எட்டு வருஷ வாரன்டி மட்டும்தான் அப்போது என் கண்ணில் இருந்தது. அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆரஞ்சு கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ஹிந்தியில் அட்வைசரிடம், "சார், மே மாதமே பார்த்தேன். எழுதாமல் விட்டுவிட்டேன். என் தப்பு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் கெஞ்சியதைச் சொல்லவில்லை. அவருடைய போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அனுப்பிய கட்டைவிரல் அதற்குள் இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் என் பேச்சு அந்த நிமிஷமே முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை.

 தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் சொன்னேன். நானே தைத்தேன், நானே மாட்டினேன், இந்தப் பெண் கழற்றச் சொன்னார், நான் கழற்றியதாகப் பொய் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். மனசாட்சி உறுத்திச் சொன்னேனா, அவர் போனை எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

அட்வைசர் என்னைத் திட்டவில்லை. நான் சொன்னதைக் கார்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். பேட்டரி தப்பித்திருந்தது, வயரும் அது சேரும் இடமும் மட்டும் புதிதாகப் போட்டார்கள், என் செலவில். ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பேட்டரிக்கு மீதியிருந்த வாரன்டி ரத்து.

மனைவி கடிதத்தைப் படித்துச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. "எட்டு வருஷத்துக்குப் பயப்பட வேண்டியத ஒரே வருஷத்துல முடிச்சுட்டீங்க," என்றாள். பிறகு, "அந்தப் பொம்பளப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அவரைப் பேட்டரி வேலையிலிருந்து ஆறு மாதத்துக்கு எடுத்துவிட்டு, வண்டி கழுவும் பக்கம் போட்டிருந்தார்கள். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, குழாயைப் பிடித்து ஒரு வண்டியின் சக்கரத்தில் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார்.

"மன்னிச்சிரும்மா," என்றேன்.

"போட்டோ கேட்டதுக்கு நீங்க கட்டைவிரல் அனுப்பினீங்க பாய். அப்பவே எனக்குத் தெரியும், கழட்டலன்னு. நானும் பேசாம இருந்துட்டேன்." குழாயைக் கைமாற்றிப் பிடித்தபடி, "ஆனா அன்னிக்கு, பக்கத்துல இல்லன்னு சொன்னீங்க பாருங்க. அது நான் எதிர்பார்க்கல," என்றார்.

  தள்ளி நில்லுங்க, தெறிக்கும் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

வாரன்டி இல்லாத வண்டியைத்தான் இப்போதும் ஓட்டுகிறேன். பயந்தவனால் யாருக்கும் கெடுதல் வராது, அவன் கஷ்டம் அவனோடு போய்விடும் என்றுதான் நாற்பத்தெட்டு வயது வரை என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். இன்னமும் எனக்குப் பயம் வருகிறது. வரும்போதெல்லாம், நான் தப்பிப்பதற்காக யாரை முன்னால் தள்ளப்போகிறேன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.