டிஸ்க் கையில், சாவி குப்பையில்!

இன்று கம்ப்யூட்டர் கடையில் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

"மிஸ், இந்த டிஸ்க் இருந்த பெட்டி எங்க?"

கேட்டவர் நசீர் நானா. கண்டி டவுனில் கம்ப்யூட்டர் திருத்துபவர்.

பெட்டியை நேற்றுக் கத்தியால் நெம்பி உடைத்ததே நான்தான்! கம்ப்யூட்டருக்கு வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் அது; வயர் சொருகும் இடம் ஆடிப்போயிருந்தது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் கொண்டுபோனால் புதியதற்குக் கொப்பி செய்து தருவார்கள் என்று நினைத்தேன். (பெரிய இஞ்சினியர்!)

அதில் இருப்பது என் குரல்.

என் மாணவி ஸ்டெபனிக்குக் கண் தெரியாது. அவளுக்காக ஓ.எல். பரீட்சைக்கான வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். போன வாரம் அந்தப் பதிவுகள் இருந்த அவளுடைய போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. பரீட்சைக்குப் பத்தே நாள்.

நானா டிஸ்க்கை மாட்டினார். 'ஃபோமட் செய்யவா?' என்று கேட்டது திரை.

"எல்லாம் அழிஞ்சிருச்சா நானா?"

"ஒண்டும் அழியல்ல மிஸ். பூட்டி ஈக்கிது. பூட்டுறதும் தொறக்குறதும் பெட்டிக்குள்ள இருந்த சின்ன சர்க்யூட் போர்ட்தான்."

"நான் பாஸ்வேர்டே போடலியே!"

"நீங்க போடாட்டியும் அது தன்பாட்டுல பூட்டும். போர்ட் இல்லாம புதுசுக்கு கொப்பி பண்ணினா, பூட்டோடதான் போகும்."

போர்ட் குண்டசாலையில், என் வீட்டுக் குப்பை வாளியில். இன்று குப்பை லொறி வரும் நாள்!

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

நல்லவேளை, லொறி இன்னும் வரவில்லை. மீன் கழுவிய தண்ணீர், முட்டைக்கோது, வாழைப்பழத்தோல் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அந்தப் பச்சை போர்ட்.

திரும்பவும் பஸ். திரும்பவும் நின்றுகொண்டே. (என் பக்கத்தில் யாரும் நெருங்கவில்லை. மீன் வாசம்!)

நானா அதைத் துடைத்தார், காயவைத்தார், ஆடிய இடத்தைப் பற்றவைத்தார். டிஸ்க்கோடு சேர்த்து மாட்டினார்.

என் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிளாஸ்டிக் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம், இரண்டு புது டிஸ்க்குகளில் கொப்பி. ஒன்று போதாது என்று இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

கடை வாசலிலிருந்தே ஸ்டெபனியின் அம்மாவின் போனுக்கு அழைத்தேன்.

"ஸ்டெபனி, எல்லாப் பாடமும் கிடைச்சிருச்சும்மா!"

"ஏழாம் பாடமுமா டீச்சர்? நடுவுல கொட்டாவி விடுவீங்களே, அதுவும் இருக்கா?"

"ஐயோ, அதை வெட்டிடுறேன்மா."

"வேணாம் டீச்சர்! அந்தக் கொட்டாவிய அடையாளமா வச்சுத்தான், அதுக்கு அடுத்ததா என்ன வரும்னு நான் பாடமாக்கி வச்சிருக்கேன்."