மலை திறந்தே கிடக்கிறது

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்து வாசலுக்கு எதிரே இறப்பர் மரங்கள். மாசியில் அவை சிவந்து இலை கொட்டும்போது, மறைந்திருந்த சிவனொளிபாத மலை கிளைகளுக்கு நடுவே தெரியும். "மலை தெறந்திருச்சு" என்போம். பங்குனித் தளிர் அதை மறுபடி மூடிவிடும். அந்தச் சில நாள் காட்சிக்காக வருசம் பூராவும் காத்திருப்பேன்.

இப்போது மரங்களுக்கு ஏதோ நோய். மழைக்காலத்திலும் இலை உதிர்கிறது, தளிர் விட்டதும் கருகுகிறது. பால் இல்லை. பால் வெட்டும் எனக்கும் வேலை இல்லை.

ஆவணியில் ஒரு காலை மழை விட்டதும், கொழும்பிலிருந்து வந்திருந்த மகள் வாசலில் நின்று பூரித்துப்போனாள்.

"என்னா அழகும்மா! மலை இப்ப எப்பவுமே தெறந்திருக்கே, மூடவே மூடாதா?"

"அது மூடாது. நீ கதவ மூடுடி" என்றேன்.