ஸ்பிரிட் படக் கூடாத கை

ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு ஒரு தனி ஃபாரம் உண்டு. அதில் ஒரு கட்டத்தில், "ஊசி போட்ட இடம் ஸ்பிரிட் இல்லாமல் சுத்தம் செய்யப்பட்டது" என்று இருக்கும். பக்கத்தில் ரத்தம் எடுத்தவர் கையெழுத்து. ஒரு திங்கட்கிழமை காலை நான் அங்கே பொய்க் கையெழுத்துப் போட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன லேப். முப்பது வருடமாக ரத்தம் எடுப்பதுதான் எனக்கு வேலை. தினமும் வருவது சர்க்கரையும் தைராய்டும்தான். மது டெஸ்டுக்கு எப்போதாவது ஒருவர் வருவார். அதற்கு மட்டும் முறை வேறு. ஸ்பிரிட்டே ஆல்கஹால்தான் என்பதால் கையில் அது படக் கூடாது. அயோடின் தடவி, காயவிட்டு, பிறகு ஊசி போட வேண்டும்.

ஏழுமலை அந்த டெஸ்டுக்குத்தான் வந்தார். பொத்தேரி பக்கம் கல்லூரி பஸ் ஓட்டியவர். ஒரு நாள் பைக்கில் வரும்போது பெருங்களத்தூரில் போலீஸ் ஊதச் சொல்லி, மாட்டிக்கொண்டார். ஆறு மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். கெடு முடிந்து திரும்பக் கேட்டால், ஆர்டிஓ ஆபீஸில் டாக்டர் சர்டிபிகேட்டோடு இந்த ரிப்போர்ட்டும் வேண்டும் என்றிருக்கிறார்கள். அது சுத்தமாக வந்தால் மறுபடி பஸ். இல்லையென்றால் கல்லூரியில் வேறு டிரைவர் போட்டுவிடுவார்கள். கூட வந்திருந்த மனைவி கஸ்தூரி சிட்லபாக்கத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்து குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இருமல் மருந்து குட்ச்சா இதுல காட்டுமா?"

"எப்போ குடிச்சீங்க?"

"குடிக்கல மேடம். சும்மா கேட்டேன். பத்து நாளா பழைய சோறு கூட துண்றதில்ல. புளிச்சது பாருங்க, அதான் பயம்."

"இட்லியும் வாணான்னுட்டாருக்கா," என்றாள் கஸ்தூரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இட்லி சாப்பிட்டவங்களை எல்லாம் பிடிச்சா ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு பஸ்ஸும் ஓடாது," என்றேன். பேச்சு சுவாரஸ்யத்தில் கை அதன் பழக்கப்படி டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டது. டியூப் பாதி நிறைந்த பிறகுதான் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது.

அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. போன வாரம்தான் ஒரு லேபிளை மாற்றி ஒட்டியதற்கு மேனேஜர், "வயசாயிடுச்சுன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க மேடம்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். இன்னொரு தப்பென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கையெழுத்துப் போட்டேன். இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பத்து நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஆளுக்கு நரம்பு தேடுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"காஞ்சிருக்கும் மேடம். சைன் பண்ணிட்டீங்கல்ல, விடுங்க. யார் கேக்கப் போறாங்க?"

"துளி காட்டினாலும் அந்த ஆள் பொழப்பு போயிடும் சார்."

ஃபாரத்தைக் கிழித்தேன். டியூபைக் கழிவு டப்பாவில் போட்டேன். போனை எடுத்து, "ஏழுமலை, சாம்பிள்ல ஒரு சின்ன பிரச்சனை, திரும்பி வாங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதைப் போனில் சொல்லப் பயமாக இருந்தது. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் இருவரும் வந்தார்கள். ஏழுமலையின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"தெரிஞ்சிபோச்சா மேடம்? ஒரே ஒரு வாட்டிதான். ஆடி மாசம் கூழ் ஊத்தன அன்னிக்கு மச்சான் ஊத்திக் குட்த்தான். அதுக்கப்புறம் தொடல மேடம், எம் புள்ளைங்க மேல சத்தியமா."

கஸ்தூரி கதவருகில் நின்றிருந்தாள். "அன்னிக்குக் காலைலதான கோயிலாண்ட, இனிமே தொடமாட்டேன்னு கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ண?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏழுமலை, உங்க ரத்தத்தை இன்னும் டெஸ்டே பண்ணல. நான்தான் மறந்து ஸ்பிரிட்டால துடைச்சிட்டேன். தப்பு என்னுது," என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டே மற்றக் கையை நீட்டினார். அயோடின் தடவி, காய்ந்த பிறகு ரத்தம் எடுத்தேன்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. அதை வாங்கக் கஸ்தூரி மட்டும் உள்ளே வந்தாள். ஏழுமலை வாசலில் நின்றுகொண்டார். அவள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆடி மாசம் குட்ச்சது இதுல காட்டலியாக்கா?"

"காட்டாதும்மா. ஒரு நாள் ரெண்டு நாள் தாண்டிட்டா தெரியாது."

"அப்போ அவரு தெனம் பஸ் எடுத்துகினு போவசொல்ல, நான் இன்னாத்தப் பாத்துக்கா பயப்படாம கீறது?"

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்பிரிட் டப்பாவைத் தள்ளி வைக்க யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது இதுதான்: ஒருவரைத் திரும்பக் கூப்பிட நேர்ந்தால், தப்பு யாருடையது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு "வாங்க" என்று சொல்லுங்கள். நான் அதை அரை மணி நேரம் தள்ளிப்போட்டேன். என் பயம் அன்று மத்தியானத்தோடு தீர்ந்தது. கஸ்தூரிக்கு அன்றுதான் ஆரம்பித்தது.