சரியாகக் கழுவாமல் கொண்டுபோன நானோ உரம்

சென்ற ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு இராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டேன். ஏழரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டியில் ஒரு மக்காச்சோளக் காட்டை அடைந்தேன். கையில் ஐந்து லிட்டர் கேன். மழை இல்லை, காற்று மிதம்.

கேனில் இருந்தது துத்தநாக நானோ உரம். அறுவடைக்குப் பின் எரித்துவிடும் மக்காச்சோளத் தோகையை வேகவைத்து, அந்தச் சாற்றைக் கொண்டு துத்தநாக உப்பை நுண்துகளாக்கும் முறை. நானும் என் மனைவியும் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். மாடியறையில் இதைச் சேர்ந்தே செய்துவந்தோம். ஆவணியில் அவள் காலமானாள். நான் தனியாகத் தயாரித்த முதல் கேன் இது.

காட்டைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் பெண்மணி, முந்தைய பருவங்களில் எங்கள் உரத்தைச் சில வரிசைகளுக்கு மட்டும் அடித்தவர். விளைந்ததைப் பார்த்து, இம்முறை காடு முழுவதற்கும் கேட்டிருந்தார். அவர் குடும்பத்துக்கு அந்த ஆண்டு வேறு வெள்ளாமை இல்லை.

தெளிப்பானில் ஊற்றுமுன், வழக்கம்போல் இரு விரலால் தொட்டுத் தேய்த்தார். பிறகு கேனைத் திருகி மூடிவிட்டார்.

“ஐயா, இது சோப்பு கணக்கா வழுக்குது. டீச்சரம்மா குடுக்கது இப்பிடி இருக்காது.”

அளவெல்லாம் சரி என்றேன். என் பல்லாண்டு அனுபவத்தையும் எடுத்துச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை; வரப்போரம் நாலு செடிக்கு மட்டும் அடித்துப் பார்ப்போம் என்றார். மடை திருப்பிக்கொண்டிருந்த அவர் கணவர், “சாருக்கே பரீட்சை வைக்கியாக்கும்” என்று சிரித்தார்.

வியாழனன்று போய்ப் பார்த்தபோது அந்த நாலு செடியின் இலைகளும் தீய்ந்திருந்தன.

வீடு திரும்பி, காரத்தைக் காட்டும் தாளைக் கேனில் நனைத்தேன், கருநீலமாயிற்று. துகள் படிவதற்காகச் சேர்க்கும் காஸ்டிக் சோடா முழுதாக நீங்கவில்லை. எங்கள் செய்முறை ஏட்டில், என் கையெழுத்தில், அந்தக் கட்டத்துக்கு ஒரே சொல்தான் இருந்தது: ‘கழுவுக’. நான் இரண்டு முறை கழுவியிருந்தேன். தாளின் நிறம் மாறாமல் நிற்கும்வரை, பிற்பகல் முழுவதும் என் மனைவி திரும்பத் திரும்பக் கழுவியதை நான் ஒரு வேலையாக எண்ணியதே இல்லை.

மறுவாரம் நன்கு கழுவிய உரத்தைக் கொண்டுபோனேன். அவர் தொட்டுப் பார்த்து, “இப்பச் சரி” என்று தெளிப்பானைத் தோளில் மாட்டினார். தையில் கதிரெல்லாம் நுனிவரை மணி பிடித்திருந்தது.

இந்த உரத்தின்மீது எனக்கு ஐயமில்லை. அதன் செய்முறையில் பாதியை அறியாமலே, ‘இதைச் செய்தவன் நான்’ என்று சொல்லிவந்ததுதான் இன்றும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.

இன்னும் செய்யாதவை:

ஏட்டில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரே முழு விவரம் எழுதுவது.

வன்னியம்பட்டிக்குப் போய், அந்தப் பெண்மணிக்கு வாய்விட்டு நன்றி சொல்வது.

இந்த உரம் பற்றி நாங்கள் இருவரும் எழுதி, இன்னும் அச்சுக்கு அனுப்பாத கட்டுரையில் என் மனைவியின் பெயரை முதலில் வைப்பது.