கிளிமீனுக்கு நீல வால்

பாறசாலையில படத்துக்குச் சட்டம் போடுற கடை வச்சிருக்கா எனக்க பொண்டாட்டி ஸ்ரீகுமாரி. இருபத்திரண்டு வருஷமா குருவாயூரப்பனையும் ஏசுவையும் கல்யாண ஜோடிகளையும் ஒரே ஈரத்துணியால துடைச்சுக் கண்ணாடிக்குள்ள அடைக்கிறவ. படத்தில தூசு கண்டா அவ கை சும்மா இருக்காது.

போன மாசம் பக்கத்து ஊரு கொல்லயிலிருந்து ஷிஜி டீச்சர் ஒரு பழைய மீன் படம் கொண்டு வந்தா. செம்புத் தகட்டில கீறி அச்சடிச்சு, பிறவு ஆளு உக்காந்து கையால சாயம் பூசினதாம். நூற்றம்பது வருஷம் இருக்குமாம். அவளுக்க அப்பா ஜெயதாஸ் சார் சாகிறது வரைக்கும் முன்னறையில மாட்டியிருந்தது. "பத்திரம் சேச்சி, அப்பாவுக்க மிச்சம் இதாக்கும்"னு சொல்லிட்டுப் போனா.

இவ வழக்கம்போல ஈரத்துணியால ஒரு இழு இழுத்தா. மீனுக்க வாலில இருந்த நீலம் அப்படியே துணிக்கு வந்துட்டுது!

"அய்யோ, இனி எந்த முகத்தோட அவ முன்னால நிப்பேன்?"னு தலையில கைவச்சு உக்காந்துட்டா.

"நீலச் சாயம் வாங்கிப் பூசிவிடு, யாருக்குத் தெரியும்?"னு நான் வாயக் குடுத்தேன்.

"எந்த நீலம் மனுஷா? மீனத் தின்னத்தான் உமக்குத் தெரியும்!"

வாலுக்க சரியான நிறம் கேக்க, பொழியூரிலிருந்து ஸ்கூட்டரில மீன் கொண்டு வாற செல்லையனைக் கூப்பிட்டோம். படத்தைத் தூரத்திலயும் பக்கத்திலயும் வச்சுப் பாத்தான். "இது கிளிமீனாக்கும். கிளிமீனுக்கு நீல வாலா? எந்த மடையன் பூசினான்?" பெட்டியிலிருந்து ஒண்ணை எடுத்துப் பக்கத்தில வச்சான். உடம்பு ரோஸ் நிறம், வால் நுனியில மஞ்சளா ஒரு நூல். ஸ்ரீகுமாரி பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா. நீலம் போன இடத்துக்கு அடியிலயும் மங்கலா அதே மஞ்சள் நூல்!

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்துது. "அப்ப நீலம் பழசில்ல, எவனோ பிறவு பூசினது!" ஆனா எவன், எதுக்கு? அதக் கேட்டுக் கேட்டு ரெண்டு நாள் எனக்க உயிர எடுத்தா.

ஷிஜி வந்தப்ப ஸ்ரீகுமாரி ஒண்ணும் மறைக்கல்ல. துடைச்சதையும் செல்லையன் சொன்னதையும் அப்படியே சொல்லி, "இப்பதான் படம் சரியா இருக்கு மக்கா"ன்னு பூதக்கண்ணாடியை நீட்டினா.

ஷிஜி அதை வாங்கல்ல. "நீலம் பூசினது நான்தான் சேச்சி. ஒண்ணாம் கிளாசில படிக்கும்போ. அடி விழும்னு கட்டிலுக்கடியில ஒளிஞ்சேன். அப்பா ஒண்ணும் சொல்லல்ல. வாறவங்களுக்கெல்லாம், 'மீன் வெள்ளக்கார சாயிப்பு வரைஞ்சது, வால் எனக்க மோளு பூசினதாக்கும்'னு காட்டுவாரு. அந்த வாலுக்காகத்தான் சட்டம் போடக் குடுத்தேன்."

நீட்டின பூதக்கண்ணாடியை ஸ்ரீகுமாரி கீழ வச்சா. கண்ணு நிறைஞ்சுட்டுது.

ஷிஜி கேட்டா, "அந்தத் துணி உண்டா சேச்சி?"

நல்லவேளை, அலசாம மூலையில கிடந்தது. பெருவிரல் அகலத்துக்கு நீலம். அந்தத் துண்டை இவ வெட்டி, மீனுக்க வாலுக்குக் கீழ, அதே சட்டத்துக்குள்ள வச்சா. கண்ணாடி மூடும்போ துணியில ஒரு தூசு இருந்துது. ஸ்ரீகுமாரி அதைத் துடைக்கல்ல.