ஆமியில்லாத ஊர்வலம்

ஜெர்மனியின் ஆஹென் நகரில் தம்பித்துரை பஸ் ஓட்டாத தெரு இல்லை. முப்பது வருடச் சாரதி. பனிக்கும் பயமில்லை, குடித்துவிட்டு ஏறுகிறவர்களுக்கும் பயமில்லை. ஆனால் சீருடை போட்ட நாலு பேர் வரிசையாக நடந்தால் போதும், மனிதர் வெலவெலத்துப் போவார். சீருடையோடு நடக்கிற இங்கத்தைய துப்பாக்கிக் கழகங்களின் ஊர்வல நாளென்றால், முன்கூட்டியே வேறு பாதை கேட்டு வாங்கிவிடுவார். யாழ்ப்பாணத்தில் ராணுவத்தின், அவர் பேச்சில் ஆமியின், சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட அவருடைய அண்ணன் திரும்பி வரவேயில்லை. பிறகு இவரை யார் குறை சொல்வது?

இந்த மனிதரின் மகள் தக்சாயினிக்கு மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருந்தது. நவம்பரில் தொடங்கும். அன்று மாலை ஆறு மணிக்குள் சம்மதம் அனுப்பவேண்டும். அப்பா 'ஓம்' சொல்லாமல் போக அவளுக்கு மனமில்லை.

"அந்தப் பக்கமெல்லாம் ஆமி ஆட்சி பிள்ளை. ஏலாது."

"அங்க ஆமியே இல்லையப்பா. நாற்பத்தெட்டிலயே கலைச்சுப்போட்டினம். படைமுகாம் இப்ப மியூசியம்."

"ஆமியில்லாமல் ஒரு நாடோ? ஆருக்குக் காதில பூ சுத்துறாய்?"

நல்ல காலம், அன்று செப்டெம்பர் பதினைந்து, அந்த நாட்டின் சுதந்திர தினம். ஞாயிற்றுக்கிழமை வேறு. அங்கே காலை, இங்கே பின்னேரம். ஊர்வலத்தை நேரடியாகக் காட்டினார்கள். தக்சாயினி தொலைக்காட்சியில் போட்டாள்.

"சுதந்திரம் கிடைச்ச செய்தியே அங்க ஒரு மாதம் கழிச்சுத்தான் போய்ச் சேந்ததாம். குதிரையில."

"அப்ப ஊரிலயிருந்து எனக்கு வந்த கடிதங்களை விடக் கெதி," என்றார் தம்பித்துரை. "சுதந்திர தினமெண்டால் ஆமி வராமல் இராது. ஒருத்தன் வந்தாலும் நீ போகேல்லை. சரியோ?"

"சரி. ஒருத்தரும் வராட்டி நான் போவன்."

மேளச் சத்தம் கேட்டது. தம்பித்துரை கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "அந்தா, தொப்பி, சப்பாத்து. நான் சொன்னனெல்லோ."

கமரா கிட்டப் போனது. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள், இடுப்பில் மேளம். பின்னால் வெள்ளைக் கையுறைகள் வந்தன. ஆமிதானோ என்று தக்சாயினி தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனாள். பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைகள் கொடி பிடித்து வந்தார்கள். அடுத்தும் பள்ளிக்கூடம், அதற்கடுத்தும் பள்ளிக்கூடம்.

"என்னப்பா, உதைபந்தாட்டம் பாக்கிற மாதிரிக் கத்துறியள்?" என்று தேநீரோடு வந்த மனைவி கலாதேவி, கோப்பையை நீட்ட மறந்து தானும் நின்றுவிட்டாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம். கடைசிப் பள்ளியும் போனது. ஒரு துப்பாக்கிகூட வரவில்லை. தேசிய கீதம் தொடங்கியது. எந்த நாட்டுக் கீதத்துக்கும் மனதார எழும்பாத தம்பித்துரை எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"ஒருத்தனும் வரேல்லை," என்றார்.

"டிசம்பர் முதலாந் திகதியும் அங்க விசேஷ நாளப்பா. ஆமியைக் கலைச்ச நாள்."

"அதையும் கொண்டாடுறவையோ?" என்றார். "ஓம், போயிட்டு வா. உடன அனுப்பு. டிசம்பருக்கு எனக்கும் அம்மாவுக்கும் ரிக்கற் பார். நாளைக்கு வேலையில லீவு கேக்கிறன்."

"என்னெண்டு கேப்பியள்?"

"ஊர்வலம் பாக்கவெண்டு."