கிழக்கே மலை இருந்தால் காத்திருந்தவர்

தந்தி வந்தபோது வீட்டில் ஐந்து பேர் இருந்தோம்: என் மாமியார், என் கணவர், கொழுந்தன் சுந்தரத்தின் மனைவி வள்ளி, தந்தியைக் கொண்டுவந்த தபால்காரர், நான். பர்மாப் பக்கம் போருக்குப் போன பைலட் சுந்தரம், விடியுமுன் விமானத்தை இறக்கும்போது இறந்துவிட்டார் என்று என் கணவர் படித்துச் சொன்னார். பின்னால் மேலதிகாரியின் கடிதம் வந்தது. நல்ல விமானிதான், அன்று வெளிச்சத்துக்குமுன் அவசரப்பட்டுவிட்டார் என்று அதில் இருந்தது. 'அவசரம்' என்ற அந்த ஒரு சொல்லை எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி முழுவதும் பிடித்துக்கொண்டது. "எனக்காகக் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?" என்று வள்ளி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அவருடன் பறந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். முருகன்மேல் பாரத்தைப் போட்டுச் சொல்கிறேன், சுந்தரம் விமானத்தை இறக்கும் விஷயத்தில் அவசரப்படுகிறவர் இல்லை.

ஒரு தைப்பொங்கலுக்கு லீவில் வந்திருந்தார். சூரியன் முகம் காட்டும்போது பானை பொங்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். விளக்கில்லாமல் கோலப்புள்ளி தெரியும் நேரம், மேகமலைக்கு மேல் சூரியன் வரும் நேரம் இரண்டையும் நானாகக் கற்ற எழுத்தில் தினமும் நோட்டில் குறித்து வைப்பேன். அவரோ தம் பைலட் அட்டவணையில் சூரிய உதய நேரத்தைப் பார்த்து, இந்த நேரம்தான் என்று சாதித்தார். அதன்படியே அடுப்பை மூட்டினோம். பானை பொங்கி வழிந்து அடங்கியும் விட்டது. மலைக்குமேல் வானம் வெளுத்திருந்ததே தவிர, சூரியனைக் காணோம்.

"ஏலே, ஆகாசத்துல பறக்குறேங்குற. நம்ம வீட்டுக்குச் சூரியன் எப்ப வரும்னு தெரியலையே!" என்றார் மாமியார்.

சுந்தரம் தலையைச் சொறிந்தார். "அட்டவணை மேல தப்பில்ல ஆத்தா. அது சமவெளிக்குப் போட்டது. கெழக்க மலை நிக்குறத நாந்தான் கூட்டல. மதினி நோட்டுத்தான் சரி."

பிறகு என் நோட்டை வாங்கி உட்கார்ந்து பார்த்தார்; அட்டவணை நேரத்துக்கும் அதற்கும் கால்மணி நேரம் வித்தியாசம் இருந்தது. "மேல பறக்குறவனுக்கு முன்னாடியே விடிஞ்சுரும் மதினி. கீழ பள்ளத்தாக்கு இருட்டாக் கெடக்கும். மேல தெரியுற வெளிச்சத்த நம்பி எறங்குனா மரத்துலதான் போய் முட்டணும்."

"அப்ப என்ன செய்வீக?"

"மரம் வேற, மண்ணு வேறன்னு தெரியுறவரைக்கும் சுத்துவேன். நல்லா விடிஞ்சாலும் எதிராளி கண்ணுல பட்டுருவோம். நடுவுல ஒரு பானை பொங்குற நேரந்தான் நமக்கு."

"அதுக்குள்ள பெட்ரோல் தீந்துட்டா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுங்க மதினி!" என்று சிரித்தார்.

கடைசியாக வந்த கடிதத்தில், "இங்கேயும் கிழக்கே மலைதான். அட்டவணையோடு உங்கள் கால்மணி நேரத்தையும் கூட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். தப்பென்று தெரிந்ததும் கூச்சமில்லாமல் திருத்திக்கொள்ளும் அந்தக் குணம்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அப்படிப்பட்டவர் முன்கூட்டியே இறங்கினார் என்றால், இறங்கியே தீரவேண்டிய காரணம் ஒன்று இருந்திருக்கும். அடிபட்டவர் யாரும் விமானத்தில் இருந்தார்களா? இயந்திரம் நின்றுவிட்டதா? அன்று கூடப் பறந்தவரோ, தரையில் நின்று பார்த்தவரோ, கண்டதை உள்ளபடி எழுதுங்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். வள்ளிக்கு நானே படித்துக் காட்டுகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.